முதல் சிகார் பாக்ஸ் கிடார்: காச எதுல போடணும், எதுல போட வேண்டாம்

கேள்வி சுருக்கமா இதுதான்: ஒரு காலி சிகார் பெட்டி இருக்கு, பட்ஜெட் ரொம்ப கம்மி, வீட்டுல ரம்பம், ட்ரில், அரம் தவிர வேற டூல்ஸ் இல்ல, இதுக்கு முன்னாடி கிடார் செஞ்சதும் இல்ல. ஃப்ரெட் (கிடார் கழுத்துல குறுக்க பதிக்கிற உலோகப் பட்டி) போட்டு, பிக்கப்பும் (சத்தத்த ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புறது) வச்சு அந்தப் பெட்டியில ஒரு கிடார் பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம். ஆனா முதல் கிடாருக்கு ஃப்ரெட் வேண்டாங்க. ஃப்ரெட் போடணும்னா தனி ரம்பம், ஃப்ரெட் வயர், அப்புறம் எல்லாத்தையும் ஒரே மட்டமா தேய்க்கிற பொறுமை எல்லாம் வேணும், ஒரு ஃப்ரெட் அர மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே அந்த நோட் ஸ்ருதி விலகும். மூணு கம்பி போட்டு ஸ்லைடுல (விரல்ல மாட்டி கம்பி மேல வழுக்குற கண்ணாடி அல்லது உலோகக் குழாய்) வாசிக்கிற மாதிரி பண்ணுங்க, ஃப்ரெட் வர்ற இடத்துல பென்சில் கோடு போதும்.

காசு செலவு பண்ண வேண்டியது ரெண்டே விஷயத்துக்கு, ட்யூனருக்கும் (கம்பிய முறுக்கி ஸ்ருதி சேக்குற திருகு) கம்பிக்கும். கம்பிய ஐ-போல்ட் வச்சு முறுக்குறவங்களும் இருக்காங்க, அதுல ஸ்ருதி நிக்கவே நிக்காது, வாசிக்கிற ஆசையே போயிடும், அதனால சாதாரண கியர் ட்யூனராவது வாங்கிடுங்க. கம்பிக்கு அக்கூஸ்டிக் கிடார் லைட் செட் ஒண்ணு எடுத்து அதுல ஏ, டி, ஜி கம்பிகள மட்டும் போடுங்க, ஏ-ய ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி ஆக்கிட்டா ஜி-டி-ஜி ஓப்பன் ட்யூனிங் (எங்கயும் அழுத்தாம மொத்தமா மீட்டினாலே இசைவா கேக்குற ஸ்ருதி) வந்துடும்.

நெக் (கம்பிகள் மேல ஓடுற நீளக் கட்டை, அதாவது கழுத்து) தான் எல்லாத்தையும் விட முக்கியம், நேரத்த அங்க போடுங்க. 19 மிமீ கனம், 38 மிமீ அகலம், ஒரு மீட்டர் நீளத்துல முடிச்சு இல்லாத கடின மரம். வாங்கும்போது ஒரு கண்ண மூடிட்டு ஒரு முனையிலேர்ந்து மறுமுனை வரைக்கும் நீளவாக்குல பாருங்க, வளைவோ முறுக்கோ தெரிஞ்சா வச்சிட்டு அடுத்தத எடுங்க. மூணு கம்பியும் சேர்ந்து சுமார் 35 கிலோ இழுக்கும், மெத்து மரம் கொஞ்ச நாள்லயே வில்லு மாதிரி வளைஞ்சிடும்.

இந்தக் கட்டை பெட்டிக்குள்ள ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வரணும். நிறைய பேர் கோட்டை விடுற இடம் இதுதான், மூடி முழுக்க கட்டை மேலயே ஒட்டி உக்காந்துட்டா அது அதிராது, சத்தம் டொக்குனு செத்துப்போகும். அதனால கட்டையோட மேல்பக்கத்த, பெட்டிக்குள்ள வர்ற பகுதியில மட்டும், மூடியோட கனம் எவ்ளோவோ அதுக்கும் மேல ஒரு 3 மிமீ சேத்து செதுக்கிடுங்க. மூடி ஓரத்துல மட்டும் தாங்கி நடுவுல காத்துல நிக்கணும், விரலால தட்டினா கும்முனு கேக்கும்.

ட்யூனர் வர்ற தலைப்பகுதிய 13 மிமீ கனத்துக்கு மேல்பக்கமா குறைங்க. 19 மிமீ கனத்துல ட்யூனர் தண்டு மேல எட்டாது, இப்படி இறக்குனா கம்பியும் நட்டுக்கு (தலைப்பகுதி ஓரத்துல கம்பிகள தாங்குற குறுக்குத் துண்டு) மேல நல்லா அழுந்தி உக்காரும். நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் (பெட்டி மூடி மேல கம்பிகள தாங்குறது) ஆளுக்கொரு போல்ட் போதும், மரை இருக்கிறதால கம்பி நகராது. கட்டையோட வால் பக்கம் மூணு ஓட்டை போட்டு கம்பியோட குண்டு முனைய அங்க மாட்டுங்க, மரத்துக்குள்ள அமுங்காம இருக்க வாஷர் வச்சுக்கோங்க.

நட்டுலேர்ந்து பிரிட்ஜுக்கு 635 மிமீ வைங்க. 12-வது கோடு சரி பாதியில, 317.5 மிமீ. 5-வது நட்டுலேர்ந்து 159 மிமீ, 7-வது 211, மத்ததுக்கு பிரிட்ஜ் வரைக்கும் மிச்சம் இருக்கிற நீளத்த 17.817-ஆல வகுத்து, வர்ற தூரத்துல கோடு போட்டுட்டே போனா ஒவ்வொரு கோடா வரும். பிரிட்ஜ ஒட்டிடாதீங்க! கம்பி அழுத்தமே அத புடிச்சு வச்சுக்கும், 12-வது கோட்டுக்கு மேல கம்பிய லேசா தொட்டு ஹார்மோனிக் (மணி மாதிரி வர்ற ஒலி) அடிங்க, அதே இடத்துல ஸ்லைட வச்சும் அடிங்க, ரெண்டும் ஒண்ணா கேக்குற வரைக்கும் பிரிட்ஜ முன்ன பின்ன நகத்துங்க.

பிக்கப் பத்தி: இப்ப வேண்டாம், ஆனா மூடிய ஒட்டாம ஸ்க்ரூ போட்டு வைங்க. ஆசை வந்தா அப்புறம் திறந்து, 27 மிமீ பியெஸோ தகடு (அதிர்வ மின்சாரமா மாத்துற வட்டத் தகடு) ஒண்ண பிரிட்ஜுக்குப் பக்கத்துல மூடியோட அடியில ஒட்டி, பித்தளை பக்கத்து வயர ஜாக்கோட (ஆம்ப் வயர் சொருகுற துளை) கிரவுண்டுக்கும் நடுவுல இருக்கிற வெள்ளை பக்கத்து வயர டிப்புக்கும் (ஜாக்கோட முனை இணைப்பு) சால்டர் பண்ணா முடிஞ்சுது.

வாசிக்கும்போது ஸ்லைட கோட்டுக்கு நேர் மேல வைங்க, கோட்டுக்குப் பின்னாடி இல்ல, அழுத்தவும் வேண்டாம், சும்மா கம்பி மேல படுற மாதிரி. வெறும் கம்பி ஜி, 5-வது கோடு சி, 7-வது டி, ப்ளூஸ் ஆரம்பிக்க இந்த மூணும் தாராளம்.