கடலோடிகளை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – கேள்வி பதில்

கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, ஜேம்ஸ் குக் போன்றவர்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடமாக்குவது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, வரலாற்றுப் பாடம் வகுக்கும் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (ஆரம்பப் பள்ளி ஆசிரியை): எட்டு வயசுப் பிள்ளைகளிடம் அடிமை வியாபாரம், கொலை பற்றியெல்லாம் பேசலாமா சார்? பேசாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிறது.

பதில்: பேசலாம். எதை விடுகிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். விவரத்தைக் குறைக்கலாம், நடந்ததை மாற்றக் கூடாது. எட்டு வயதில் நான்கு விஷயம் போதும்: அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள், வந்தவர்கள் தங்கம் தேடினார்கள், அங்கிருந்தவர்களைப் பிடித்து வேலை வாங்கினார்கள், பலர் இறந்தார்கள். வதை பற்றிய வர்ணனையும் ரத்தம் தெறிக்கும் படங்களும் வேண்டாம். அவை பிள்ளைக்குப் பயத்தைத் தருமே தவிரப் புரிதலைத் தராது. 11, 12 வயதில் மூல ஆவணத்தின் சிறு துண்டுகளைக் கையில் கொடுக்கலாம். ஆவணங்கள் ஒன்றோடொன்று ஏன் முரண்படுகின்றன என்ற வேலையை 14 வயதுக்கு மேல் வையுங்கள்.

பெரும்பாலான இடங்களில் நடக்கும் தவறு வேறு. எட்டு வயதில் "மாவீரர் கொலம்பஸ்" என்று வண்ணம் தீட்டவைத்துவிட்டு, பதினான்கு வயதில் "அவர் கொடுங்கோலர்" என்று புரட்டிப்போடுகிறோம். அந்தப் பிள்ளை அதன்பிறகு பாடப்புத்தகத்தையே நம்பாது. பின்னால் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும் எதையும் முதலில் சொல்லாதீர்கள்.

கேள்வி (தமிழாசிரியர்): 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லே தவறு என்கிறார்கள். அதற்குப் பதில் என்ன எழுதுவது?

பதில்: தமிழில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருக்கிறது. தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கிறோம், மின்விளக்கையும் கண்டுபிடித்தார்கள், அமெரிக்காவையும் கண்டுபிடித்தார் என்கிறோம். ஒரே சொல்லில் மூன்று வேலை. கொலம்பஸ் வந்த பிறகுதான் அங்கே எல்லாம் தொடங்கியது என்ற எண்ணம் பிள்ளைக்கு இதனாலேயே வருகிறது.

யார், எப்போது, எங்கே என்று வாக்கியத்தைத் திறந்து எழுதுங்கள்: "1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸின் மூன்று கப்பல்கள், கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ இனத்தின் கிளையான லுகாயர் மக்கள் 'குவானஹானி' என்று அழைத்த தீவை வந்தடைந்தன." இந்த ஒரு வரியிலேயே தீவுக்கு ஒரு பெயர் இருந்தது, அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது. 'புதிய உலகம்' என்று எழுதினால் பக்கத்திலேயே "ஐரோப்பியருக்கு" என்று சேர்க்க வேண்டும். 'செவ்விந்தியர்' என்ற சொல்லை விட்டுவிட்டு இனத்தின் பெயரைச் சொல்லலாம்: தைனோ, மெக்சிகோவின் நஹுவா, நியூசிலாந்தின் மாவோரி. பழைய சொற்களைக் கத்தரித்து எறியவும் வேண்டாம். பழைய புத்தகத்தின் ஒரு பத்தியைக் கொடுத்து, எந்தச் சொல் யார் பக்கம் நின்று பேசுகிறது என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். அது நல்ல மொழிப்பாடமும்கூட.

கேள்வி (ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியர்): கொலம்பஸுக்கு நான்கு பீரியட் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் 40 நிமிடம். எப்படிப் பிரிப்பது?

பதில்: முதல் பீரியடுக்கு ஓர் உலக உருண்டையும் நூலும் போதும். கனரித் தீவுகளிலிருந்து மேற்கே ஜப்பான் வரை சுமார் 2,400 கடல்மைல் என்று கொலம்பஸ் கணக்குப் போட்டிருந்தார். உண்மையான தூரம் 10,000 கடல்மைலுக்கும் மேல். பிள்ளைகள் நூலை வைத்து இரண்டையும் அளக்கட்டும். "நடுவில் ஒரு கண்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள், தண்ணீரும் உணவும் தீர்ந்து செத்திருப்பார்கள் என்று அவர்களே சொல்வார்கள். 'பூமி தட்டை என்று எல்லோரும் நம்பினார்கள், அவர் ஒருவர்தான் உருண்டை என்றார்' என்ற கதையும் இங்கேயே உடைந்துவிடும். படித்த ஐரோப்பியர்கள் பூமி உருண்டை என்று அறிந்தே இருந்தார்கள். தகராறு சுற்றளவில்தான், அதில் அவரை மறுத்த அறிஞர்கள் சொன்னதே சரி.

இரண்டாம் பீரியடில் அவருடைய நாட்குறிப்பு. அக்டோபர் 12-ஆம் தேதிப் பதிவில், அந்த மக்கள் ஆயுதம் அறியாதவர்கள், வாளின் கூர்ப்பக்கத்தைப் பிடித்துக் கையை அறுத்துக்கொண்டார்கள், நல்ல வேலையாட்களாவார்கள், ஆறு பேரை அரசரிடம் கொண்டுபோகிறேன் என்று வருகிறது. 80 முதல் 120 சொற்களுக்குள் வெட்டிக் கொடுங்கள். அதைத் தாண்டினால் பாதி வகுப்பு படிப்பதை நிறுத்திவிடும். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மூல நாட்குறிப்பு இன்று இல்லை. நம்மிடம் இருப்பது பார்த்தலோமே தெ லாஸ் காஸாஸ் எழுதிவைத்த சுருக்கம். அவர் ஸ்பானியர் செய்த கொடுமைகளைக் கடுமையாகக் கண்டித்த பாதிரியார். எதிர்த்தவரின் கைவழியாகவே கொலம்பஸின் சொல் நமக்கு வருகிறது என்றால் அதை எவ்வளவு நம்பலாம்? பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதில் விட மாட்டார்கள், பீரியட் முடியும்வரை பேசுவார்கள். பேசவிடுங்கள்.

மூன்றாம் பீரியடுக்கு இரண்டாம் பயணம். 17 கப்பல்களோடு போனபோது உடன் சென்ற மிக்கேலே த கூனேயோ 1495-இல் எழுதிய கடிதம் இருக்கிறது. சுமார் 1,600 பேரைப் பிடித்தார்கள், 550 பேரைக் கப்பலேற்றினார்கள், வழியில் ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள், உடல்களைக் கடலில் போட்டார்கள் என்கிறது அது. எழுதியவர் கொலம்பஸின் நண்பர், குறைசொல்ல எழுதவில்லை. அதனால்தான் இந்தச் சான்று கனமானது. அதோடு 1500-ஐயும் வையுங்கள்: அரசாங்கம் அனுப்பிய பொபதில்யா விசாரணை நடத்தி, கொலம்பஸை விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஆனால் கொலம்பஸின் பதவி பொபதில்யாவுக்கே போனது, ஆகவே அவர் அறிக்கையையும் அதே கேள்விகளோடுதான் படிக்க வேண்டும்.

நான்காவது பீரியட் முழுக்க எழுதட்டும். நீங்கள் பேசாதீர்கள்.

இந்தத் திட்டம் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். துண்டைக் கொடுத்த உடனே "இதைப் படிக்கும்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிடுகிறோம். முதலில் "இதில் என்ன எழுதியிருக்கிறது?", அடுத்து "யார், யாருக்கு, எதற்காக எழுதினார்?", மூன்றாவதாக "வேறு யாராவது இதையே சொல்கிறார்களா?" தோன்றுவதைக் கடைசியில் கேளுங்கள். வரிசை மாறினால் பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி (ஒரு தந்தை): அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து நியாயத்தால் அளப்பது சரியா? பிள்ளை கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: நல்ல கேள்வி, உங்கள் மகனிடம் அப்படியே சொல்லுங்கள். அதன் உள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரேமாதிரி நினைத்தார்கள் என்று. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1495-இல் அடிமைகளை விற்பதை நிறுத்திவைத்து, இது முறைதானா என்று இறையியல் அறிஞர்களைக் கேட்டது ஸ்பானிய அரசே. 1511 டிசம்பரில் ஹிஸ்பானியோலா என்ற கரீபியத் தீவில், "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று ஸ்பானியக் குடியேறிகளின் முகத்துக்கு நேராகப் பிரசங்கம் செய்தார் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற துறவி. 1768-இல் குக்கின் கப்பல் புறப்படும் முன் ராயல் சொசைட்டி என்ற பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் தலைவர் மோர்ட்டன் பிரபு எழுதிக்கொடுத்த குறிப்பு, அந்தந்த மண்ணின் மக்களே அதற்கு உரிமையாளர்கள், அவர்கள் ரத்தம் சிந்தவைப்பது குற்றம் என்கிறது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூசிலாந்தில் கரையிறங்கிய இரண்டு நாட்களுக்குள் குக்கின் ஆட்கள் மாவோரிகள் பலரைச் சுட்டார்கள். மனிதாபிமானமுள்ளவர்கள் தன் செயலைக் கண்டிப்பார்கள் என்று குக்கே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஆக, அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளக்கலாம். கண்டித்தவர்களும் குறையற்றவர்கள் அல்லர். லாஸ் காஸாஸ் முதலில் தைனோ மக்களை வேலை வாங்கிய நிலக்காரர். அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார், பிறகு அதற்காக வருந்தினார். இதையும் மறைக்க வேண்டாம். ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதைப் பிள்ளைகள் அறிவது மிக நல்லது.

கேள்வி (பயிற்சி ஆசிரியை): நீதிமன்ற நாடகம் போட நினைக்கிறேன். ஒரு குழு கொலம்பஸ், ஒரு குழு தைனோ.

பதில்: போடலாம், ஆனால் இப்படி வேண்டாம். துன்பப்பட்டவராகவோ துன்புறுத்தியவராகவோ பிள்ளையை நடிக்கவைத்தால் விளையாட்டில் முடியும், அல்லது யாரோ ஒரு பிள்ளை கூனிக்குறுகி நிற்கும். அடிமைக் கப்பலை நடித்துக்காட்டுவது, கையைக் கட்டுவது, படுக்கவைப்பது எதுவும் கூடாது.

அதற்குப் பதிலாக எல்லோரும் விசாரணைக் குழுவினர். நான்கு பேர் கொண்ட குழுக்கள், குழுவுக்கு ஐந்து ஆவணத் துண்டுகள். கேள்வியையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். "அடிமையாக்கியது சரியா?" என்பது விவாதத் தலைப்பே இல்லை, அதற்கு இரண்டு பக்கம் கிடையாது. "பொறுப்பில் எவ்வளவு கொலம்பஸுக்கு, எவ்வளவு அரசுக்கு, எவ்வளவு குடியேறிகளுக்கு?" என்பதில் உண்மையாகவே சான்றுகள் பிரிந்து நிற்கின்றன. நூறு புளியங்கொட்டையோ பொத்தானோ கொடுத்துப் பங்கிடச் சொல்லுங்கள், ஒவ்வொரு பங்குக்கும் ஒரு துண்டைச் சான்றாகக் காட்ட வேண்டும். 25 நிமிடம் ஆகும்.

கேள்வி (நூலகர்): தைனோ மக்களிடம் எழுத்தே இல்லையே. அவர்கள் தரப்பை எங்கே தேடுவது?

பதில்: பிள்ளைகளின் வாயிலேயே கொஞ்சம் இருக்கிறது. ஹரிக்கேன் தைனோ சொல்லிலிருந்து வந்தது. நம் அரிக்கேன் விளக்கின் பெயரும் அந்த வழிதான். கனூ, ஹாமக் என்ற சொற்களும் அப்படியே. ராமோன் பானே என்ற துறவி 1490-களில் அவர்களோடு தங்கி அவர்களுடைய நம்பிக்கைகளை எழுதிவைத்தார். அகழாய்வுப் பொருட்கள் இருக்கின்றன. "அழிந்துபோன இனம்" என்று முடித்துவிடாதீர்கள். கரீபியத் தீவுகளில் தங்களைத் தைனோ வழிவந்தவர்கள் என்று சொல்லும் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள், மரபணு ஆய்வுகளும் அந்தத் தொடர்ச்சியைக் காட்டுகின்றன.

கேள்வி (மாணவி, பத்தாம் வகுப்பு): எத்தனை பேர் இறந்தார்கள்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்கள்.

பதில்: ஏனென்றால் 1492-இல் ஹிஸ்பானியோலாவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. மதிப்பீடுகள் ஒரு லட்சத்துக்கும் கீழே தொடங்கி 80 லட்சம் வரை போகின்றன. 1514-இல் ஸ்பானியர் எடுத்த கணக்கில் இருந்தவர்கள் சுமார் 26,000. எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் சரிவு பயங்கரமானது. பெரியம்மைதான் காரணம் என்று எங்காவது படித்தால் தேதியைப் பாருங்கள்: அந்தத் தீவில் பதிவான முதல் பெரியம்மை 1518 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பே கட்டாய உழைப்பும் பசியும் போரும் மக்களைக் கொன்றுவிட்டன. விடைத்தாளில் ஒற்றை எண்ணை எழுதாமல், வீச்சையும் காரணத்தையும் எழுதுங்கள்.

கேள்வி (ஆசிரியர்): வாஸ்கோ ட காமாவுக்கு ஒரே பீரியட்தான் சார். எதை எடுப்பது?

பதில்: பரிசுப் பட்டியலை எடுங்கள். 1498 மே மாதம் கோழிக்கோடு வந்தவர் அங்கத்திய மன்னர் சாமூதிரிக்குக் கொடுக்க வைத்திருந்தவை: 12 துண்டு கோடுபோட்ட துணி, 4 சிவப்பு முக்காடு, 6 தொப்பி, 4 சரம் பவளம், 6 கைகழுவும் கிண்ணம், ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். அரண்மனை அதிகாரிகள் சிரித்தார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான் என்றார்கள். இதை எழுதியது அந்தக் கப்பலிலேயே இருந்த ஒருவர். பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, "இவர்களில் யார் பணக்காரர், யாருக்கு யார் தேவை?" என்று கேட்டால் பாடம் தானாக நகரும்.

அடுத்து இரண்டு எண்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில் கிடைத்த மாலுமி வழிகாட்ட, பருவக்காற்றோடு கடலைக் கடந்தது 23 நாளில். காற்றை மதிக்காமல் திரும்பியபோது ஏறக்குறைய மூன்று மாதம், முப்பது பேர் சாவு. அந்த மாலுமி இப்னு மாஜித் என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. கப்பலில் இருந்தவர் எழுதிய நாட்குறிப்பில் பெயரே இல்லை, ஆகவே பெயர் சொல்லாதீர்கள். 1502-இல் ஹஜ் பயணிகளோடு வந்த கப்பலை எரித்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். அது நடந்த விதத்தை 14 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (பெற்றோர்): ஐரோப்பியரை மட்டும் திட்டுவதற்கான பாடம் போலிருக்கிறதே?

பதில்: அப்படி ஆகக் கூடாது, அதனால் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவையும் சேர்த்து வையுங்கள். 1405 முதல் 1433 வரை சீனப் பேரரசின் ஏழு கடற்பயணங்கள். இலங்கையின் காலியில் கிடைத்த கல்வெட்டு 1409-ஆம் ஆண்டு தேதியுடையது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. அழகான கல். ஆனால் 1411-இல் அதே செங் ஹோ அத்தீவின் ஆட்சியாளரைப் போரிட்டுப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். முதலில் தாக்கியது அந்த ஆட்சியாளர்தான் என்கின்றன சீனக் குறிப்புகள். கொலம்பஸிடம் கேட்ட அதே மூன்று கேள்விகளை இங்கேயும் கேட்கச் சொல்லுங்கள். திறமையைப் பாராட்டுவதற்கும் தடை இல்லை. குக்கின் நிலப்படங்கள் வியப்பானவை. அவரோடு பயணித்த ராயாத்தேயா தீவின் கடலறிஞர் துபாயாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாராட்டுங்கள்.

கேள்வி (தலைமையாசிரியர்): தேர்வில் எப்படிக் கேட்பது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: "கொலம்பஸ் நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டால் திருத்துபவரின் கருத்துக்கே மதிப்பெண் போகும். வகுப்பில் பார்க்காத ஒரு புதிய துண்டை, 60 சொற்களுக்குள், கேள்வித்தாளிலேயே கொடுங்கள். பத்து மதிப்பெண் என்றால்: துண்டு சொல்வதைச் சரியாகச் சொன்னதற்கு 2, எழுதியவரின் நிலையை விளக்கியதற்கு 3, படித்த வேறொரு சான்றோடு ஒப்பிட்டதற்கு 3, தன் முடிவைக் காரணத்தோடு சொன்னதற்கு 2. முடிவு எதுவானாலும் அந்த இரண்டு மதிப்பெண் உண்டு, சான்றுக்கு எதிராகப் போகாதவரை. இதைத் திருத்துபவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல்லாகச் சொன்னால் தாளுக்குத் தாள் மாறிவிடும்.