உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளத்தில் தினமும் செய்யும் ஒரே வேலையைத் தானாக நடக்கவைக்க எந்த மென்பொருளைப் போடலாம்?

ஒன்றையும் போட வேண்டாம். எழுதிய கட்டளைகளை ஓட்டுகிற பாஷும், சொன்ன நேரத்துக்கு அவற்றைத் தொடக்கிவிடுகிற கிரானும் போதும், இரண்டும் உபுண்டுவில் ஏற்கனவே இருக்கும். கிரான் 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸ் காலத்துச் சாமான். நீங்களும் என்னைப்போல ஏதோ ஒரு கடையில் அதே ஃபோல்டரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிற ஆள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். பைத்தான் என்கிற நிரல்மொழி படி, அது படி, இது படி என்று சொல்ல இங்கே ஆட்கள் வருவார்கள். படியுங்கள், நான் மறிக்கவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நான் இலங்கையில் கல்முனையில் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் வேலையில் இருந்தேன். கலியாணக் காலத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு கமரா போகும். கமராவில் படத்தின் இலக்கம் 9999 வரை போய்த் திரும்ப 0001இல் தொடங்கும், அதனால் மாப்பிள்ளை சோடிக்கிற படமும் பொம்பிளை வீட்டுச் சாப்பாட்டுப் படமும் ஒரே பெயரில் வந்து நிற்கும். கையால் பெயர் மாற்றி, ஆல்பத்துக்குப் பெரியது வாட்ஸ்அப்புக்குச் சிறியது என்று பிரித்து, வெளி டிஸ்க்கில் போட்டு முடிக்கக் கடை பூட்டுகிற நேரம் தாண்டிவிடும். கடைசியில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாகப் போட்ட ஒரு கோப்பு, எழுதினேன். எக்ஸிப்டூல் படம் எடுத்த திகதி, நேரம், கமராவின் தொடர் இலக்கம் எல்லாவற்றையும் படத்துக்குள்ளிருந்தே வாசித்துப் பெயராக வைக்கும், இமேஜ்மேஜிக் சிறிதாக்கும், ஆர்சிங்க் புதியதை மட்டும் டிஸ்க்குக்கு அனுப்பும். (ஒன்றும் போட வேண்டாம் என்றாயே என்று சண்டைக்கு வராதீர்கள், இவை படவேலைக்கான கருவிகள். நேரத்துக்கு ஓடவைப்பது கிரான்தான்.)

கிரான் வரியில் நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை, மறுகா கட்டளை. இது லேசு. கட்டளை தட்டுகிற டெர்மினலில் ஓடுகிற ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாதபோதுதான் தலையிடி. பாஷுக்கான உங்கள் அமைப்புகள் இருக்கிற பாஷ்ஆர்சி கோப்பைக் கிரான் வாசிக்காது, அதற்குத் தெரிந்த பாத் (கட்டளைகளைத் தேடுகிற ஃபோல்டர்களின் பட்டியல்) மிகக் குறுகியது, ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதையையும் எழுதுங்கள். திகதி வடிவத்துக்காக % குறியை அந்த வரியிலேயே போட்டால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். அதை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டால் பிரச்சினையில்லை.

அடுத்தது கறண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வெட்டின நாளும் இருந்ததே, அந்த நேரத்தில் மெஷின் அணைந்து கிடந்தால் கிரான் பேசாமல் அடுத்த முறைக்குப் போய்விடும். விட்டதைப் பிடித்து ஓட்ட அதற்கென்றே இருக்கிற அனாகிரான் வேண்டும், அல்லது கிரானுக்குப் பதிலாக உபுண்டுவின் சிஸ்டம்டி டைமரை வைத்து, அதில் பெர்சிஸ்டன்ட் (Persistent) என்பதை ட்ரூ (true) ஆக்குங்கள்.

இவ்வளவும் செய்து நேரத்துக்கு வீட்டுக்குப் போகத் தொடங்கினதும் முதலாளி மேலதிக நேரக் காசை நிறுத்தினார். "கொம்பியூட்டர்தானே செய்யுது, நீ என்னத்துக்கு?" என்றார். முன்பு அதே கதிரையில் இரவு வரை குந்தியிருந்து மவுசை உருட்டினதற்குக் காசு தந்த மனுசன்! கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கடையில் வேலை என்றால் ஸ்கிரிப்டைக் காட்டுவதற்கு முன் சம்பளத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் அங்கே இல்லை. டிஸ்க் நிறையும்போதெல்லாம் புதுப் பொடியன் கோல் எடுத்து, பழையதை அழிக்கிற வரி எது அண்ணன் என்று கேட்கிறான். அப்படி ஒரு வரியை நான் எழுதவேயில்லை. மற்றவனுடைய கலியாணப் படத்தைத் தானாக அழிக்க விடுகிற ஆள் நானில்லை, டிஸ்க் வாங்கச் சொல்லு என்று முதலாளியிடமே அனுப்பிவிடுவேன்.