சிங்கப்பூரில் ஓராண்டு கம்ப்யூட்டர் டிப்ளமோ: கேட்ட தங்கைக்கு

தங்கச்சி, திருச்சியிலிருந்து நீ கேட்டிருப்பது இதுதான். பி.காம் முடித்திருக்கிறாய். சிங்கப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஓராண்டு டிப்ளமோ சேர நினைக்கிறாய். நெட்வொர்க்கிங், புரோகிராமிங், வெப் டிசைன் மூன்றுக்கும் அறிமுகப் பாடம் உண்டு. படிக்கும்போதே பகுதிநேர வேலை பார்க்கலாம், முடித்தால் வேலை நிச்சயம் என்கிறார் ஏஜென்ட். காமர்ஸ் படித்தவளுக்கு இதெல்லாம் தலையில் ஏறுமா, மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வது, வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி, ஸ்வெட்டர் எடுத்து வரணுமா?

ஸ்வெட்டர் வேண்டாம். லேப்பில் ஏசி குளிரும், ஒரு முழுக்கைச் சட்டை போதும். வாடகையும் சாப்பாடும் வந்த எல்லோரும் எப்படியோ சமாளித்த விஷயம், நீயும் சமாளிப்பாய். ஆனால் ஏஜென்ட் சொன்ன அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2002இல் திருவாரூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே ஒருவர் சொன்னதும் இதே வரிதான்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் பாஸில், அதாவது படிப்பதற்கான அனுமதியில், வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்க, மனிதவள அமைச்சு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள கல்வி நிலையங்களில் முழுநேரம் படிப்பவர்கள் மட்டும்தான், பாட நாட்களில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பல்கலைக்கழகங்களும் பாலிடெக்னிக்குகளும் அதில் இருக்கும். தனியார் கல்லூரிகள் மிகப் பெரும்பாலும் இருக்காது. பட்டியலில் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் விடுமுறையில்கூட வேலைக்குப் போக முடியாது. மீறிப் போய்ப் பிடிபட்டால் பாஸ் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அமைச்சின் இணையத்தளத்தில் அந்தப் பட்டியலை நீயே திறந்து, கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பாதே.

"முடித்தால் வேலை நிச்சயம்" என்பதையும் கணக்குப் போட்டுப் பார். உயர்நிலை வேலைக்கான அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தது மாதம் 5600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், சம்பளம் வேண்டும். வயது கூடக்கூட அதுவும் கூடும். அதற்கு அடுத்த நிலை அனுமதியான எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 3300 வெள்ளி. அதிலும் ஒரு கம்பெனி இத்தனை பேரைத்தான் எடுக்கலாம் என்று ஒதுக்கீடு உண்டு. ஓராண்டு டிப்ளமோவோடு வருகிற புதுப் பெண்ணுக்கு எந்த முதலாளி இதைக் கொடுப்பார்? நிச்சயம் என்று சொல்கிறவரிடம் கம்பெனியின் பெயரை எழுதிக் கேள். அப்போது தெரிந்துவிடும்.

நான் யாரையும் கேட்கவில்லை. அம்மாவின் எட்டுப் பவுன் வங்கிக்குப் போனது. வந்து பார்த்தால், கல்லூரி என்பது ஒரு பழைய கடைத்தொகுதியின் நான்காவது மாடியில் மூன்று அறை. முப்பது பேருக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். நெட்வொர்க்கிங் வகுப்பில் ஓஎஸ்ஐ என்ற, கம்பியிலிருந்து செயலி வரை நெட்வொர்க்கைப் பிரித்துக் காட்டும் ஏழு அடுக்கையும் பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். முதல் இரண்டு மாதம் ஒரு கேபிளை நான் கையால் தொட்டதில்லை. 2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்து புது மாணவர்கள் வருவது நின்றதும், ஒரு திங்கட்கிழமை காலை போனால் கதவில் பூட்டு. கட்டிய பணம் போனதுதான்.

இன்று நிலைமை அப்படியே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 2009இல் தனியார் கல்விச் சட்டம் வந்தது. இப்போது வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் தனியார் கல்லூரிக்கு எடுட்ரஸ்ட் என்ற தரச் சான்று இருக்க வேண்டும். நீ கட்டும் கட்டணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் 7 வேலை நாட்கள் யோசிக்க அவகாசம் உண்டு, அதற்குள் விலகலாம். ஆனால் இந்தச் சட்டமெல்லாம் கல்லூரிக்கு நேராகக் கட்டிய பணத்துக்குத்தான். ஊரில் ஏஜென்டின் கையில் ரொக்கமாகக் கொடுத்ததை எந்தச் சட்டத்தில் போய்த் தேடுவாய்?

இதில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. அந்த ஏஜென்டுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் நம்மவர்கள்தான். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு "வந்தால் போதும், பிழைச்சுக்கலாம்" என்று தங்கை வயதுப் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். கம்பெனி டிக்கெட்டில் வந்திறங்கிய சிலர் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்கு மாணவர் பாஸ் எப்படி இருக்கும் என்றே தெரியாது, ஆனால் ஆலோசனை மட்டும் தாராளமாகத் தருவார்கள். இரண்டு பேரிடமும் கேட்காதே.

சரி, பாடத்துக்கு வருகிறேன். மூன்றில் நெட்வொர்க்கிங்கை முதலில் பிடித்துக்கொள் என்பேன். என் பிழைப்பு அதில்தான் என்பதால் மட்டும் சொல்லவில்லை. வெப் அதன் மேல்தான் ஓடுகிறது, இன்றைய புரோகிராம்கள் பலவும் அதன் வழிதான் பேசிக்கொள்கின்றன, இதில் பிடி கிடைத்தால் அவை என்ன செய்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். அப்புறம், காமர்ஸ் படித்தது குறையே இல்லை. ட்ரையல் பேலன்ஸில் ஒரு ரூபாய் இடித்தால் அதைத் தேடி ராத்திரி முழுக்க உட்காருவாய் இல்லையா, புரோகிராமில் பிழை தேட வேண்டியதும் அதே பொறுமைதான்.

எங்கள் கல்லூரியில் மூன்றாம் மாதம் மாலை வகுப்புக்கு ஒரு சீன ஆசிரியர் வந்தார். பகல் முழுக்கக் கட்டடங்களில் கேபிள் இழுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்ணை, அவர் சொல்லிக் கொடுத்த விதத்தை இன்றும் புதுப் பிள்ளைகளுக்கு நான் அப்படியே சொல்கிறேன். இங்கே வீவக (அரசின் அடுக்குமாடி) வீட்டு முகவரி பிளாக் 214, எட்டாவது மாடி, 55ஆம் வீடு என்று இருக்கும். தபால்காரர் முதலில் பிளாக்கைத்தான் தேடுவார், வீட்டு எண்ணெல்லாம் லிஃப்டுக்குள் ஏறிய பிறகுதான். ஐபி முகவரியிலும் முன்பகுதி பிளாக், பின்பகுதி வீடு. எது வரைக்கும் பிளாக் என்று சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். முகவரி மொத்தம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடம்; அதில் 24 பிட் பிளாக்குக்குப் போனால் மீதி எட்டில் 256 முகவரி. முதலாவது அந்த நெட்வொர்க்கின் பெயர், கடைசி எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்ப, ஆக 254 கருவிகளுக்குக் கொடுக்கலாம். அதையே 26 பிட் என்று ஆக்கினால் நான்கு துண்டு, துண்டுக்கு 64, கொடுக்கக்கூடியது 62. இதைக் கால்குலேட்டர் இல்லாமல் தாளில் நூறு முறை போடு. டம்ப்ஸ் என்ற, கசிந்த தேர்வுக் கேள்வித் தொகுப்பை வாங்கி விடையை மனப்பாடம் செய்து சான்றிதழ் எடுத்தவர்களை நான் இன்டர்வியூவில் நிறையப் பார்த்துவிட்டேன். இந்த 62 ஏன் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது.

அந்த ஆசிரியர் ஒருநாள் ஒரு கேபிள் சுருளும், கேபிள் முனையில் தலையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியும் கொண்டுவந்தார். மேலுறையைச் சீவினால் உள்ளே நான்கு ஜோடியாக முறுக்கிய எட்டுக் கம்பி. பிரித்து நீவி, வரிசையாக வைத்து, நுனியை ஒரே மட்டமாக வெட்டி, ஆர்ஜே45 என்ற பிளாஸ்டிக் தலைக்குள் தள்ளி அழுத்த வேண்டும். நான் செம்மஞ்சள் ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று ஒழுங்காக அடுக்கினேன், இரண்டு முனையிலும் அதேபோல. டெஸ்டரில் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கேபிளில் ஒரு கம்ப்யூட்டரை ஹப்பில், அதாவது பல கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டியில், மாட்டி, இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய ஃபைலை அனுப்பச் சொன்னார். நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. என் கேபிளை எடுத்து விளக்கடியில் பிடித்து மூன்றாம், ஆறாம் கம்பியைக் காட்டினார். அந்த இரண்டும் ஒரே ஜோடியாக, பச்சை ஜோடியாக இருக்க வேண்டும். நடுவில் நான்கும் ஐந்தும் நீலம். நான் பச்சையை மூன்றிலும் நான்கிலும் வைத்துவிட்டேன். மின்சாரம் போகும், விளக்கு எரியும். ஆனால் சேர்ந்து முறுக்கியிருந்தால்தான் சிக்னலில் கலக்கும் மின் இரைச்சல் அடங்கும். வேறு வேறு ஜோடியிலிருந்து ஒவ்வொரு கம்பி எடுத்தால் சிக்னல் கெட்டுப்போகும். அன்றுதான் ஓஎஸ்ஐயின் முதல் அடுக்கு, கம்பியும் சிக்னலும், என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை சிம் லிம் டவரில் ஒரு கிரிம்பிங் கருவி வாங்கினேன். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் தரையில் விரித்த துணியிலிருந்து ஐந்து வெள்ளிக்கு ஒரு பழைய ஹப். 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடியபோது வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சுற்றிப் பார்த்து வந்தேன். கல்லூரி மூடி நான் ஊருக்குத் திரும்பியபோது பெட்டியில் இருந்தவை அந்த ஹப்பும் கருவியும்தான். 2005இல் வேலைக்கென்று மறுபடி வந்தபோது இன்டர்வியூவில் ஒரு கேபிளைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். மூன்று நிமிடம் ஆகவில்லை. அந்த ஆசிரியரிடம்தான் கோப்பி ஓ கோசோங் சொல்லவும் கற்றேன். பாலும் சீனியும் இல்லாத காப்பி. இருபது வருடம் இங்கே இருந்தும் தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியாவைத் தாண்டி ஒரு கோப்பிக் கடையில் உட்காராத நம்மவர்களை எனக்குத் தெரியும். நான் அப்படி இருக்கவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்.

புரோகிராமிங்குக்கு பைத்தான் மொழி போதும். ஹார்வர்டின் சிஎஸ்50 பாடங்கள் இணையத்தில் இலவசம். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசரும் இலவசம், ரௌட்டர் வாங்காமலே வீட்டில் உட்கார்ந்து நெட்வொர்க் கட்டிப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் மூன்று மாதம் இவற்றில் இரு. பிடித்தால் மேலே யோசிக்கலாம்.

வெப் டிசைனில் ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் மொழியைத் தொட்டது. நான் படித்தபோது தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு, அது இல்லாவிட்டால் திரையில் கிறுக்கல்தான். அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று இந்த ஊரில்தான் 1997இல் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகத்தில் வேலை பார்த்தவர், 1999இலேயே போய்விட்டார். இன்று பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைச் சொல்லி ஒரு வரி போட்டால் தமிழ் தெரிகிறது. அந்த வரியை மறக்காதே. பைத்தானில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார். நமக்கு மூன்று எழுத்து, அது ஐந்து என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஏன் என்று தேடிப் போனாயானால் மூன்று பாடமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

கல்லூரியின் பெயரையும் ஒப்பந்தத்தின் நகலையும் எனக்கு அனுப்பு. லேப்பில் தலைக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டா, நெட்வொர்க் ஸ்விட்ச்சும் கேபிளும் கையில் கொடுப்பார்களா என்று அவர்களிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் சேர்த்து அனுப்பு. புதன்கிழமை எனக்கு இரவு வேலை இல்லை, உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். அதுவரை அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.