பூனை வாலை ஆட்டினால்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. வேலை முடிந்து வந்தால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு கேட் வரை ஓடி வரும். பூனை மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். போன வாரம் அதைத் தடவிக்கொண்டிருந்தபோது அதுவும் வாலை ஆட்டியது. சந்தோஷமாக இருக்கிறது என்று இன்னும் தடவினேன். நறுக்கென்று கடித்துவிட்டது. "பூனைக்கு நன்றி கிடையாது" என்கிறார் மாமியார். நிஜம்தானா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மாமியாரோடு சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் பூனை சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறது. நீங்கள் அதை நாய் பாஷையாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். மடியில் கிடக்கும் பூனை வாலைப் பட்பட்டென்று அடித்தால் 'போதும், கையை எடு' என்று அர்த்தம். முதுகுத் தோல் துடிக்கும், காது பின்னால் திரும்பும். அப்புறம்தான் பல்.

நாய் விஷயத்திலும் வாலை மட்டும் நம்ப முடியாது. வாலை விறைப்பாகத் தூக்கி, நுனியை மட்டும் வேகமாக ஆட்டியபடி அசையாமல் நிற்கும் நாயிடம் கையை நீட்டிவிடாதீர்கள். தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு. வாலைக் குழைப்பது. ஆட்டுவது வேறு, குழைப்பது வேறு. குழையும் நாய்க்கு இடுப்பே சேர்ந்து ஆடும், காது தலையோடு படியும், வாய் தளர்ந்து திறந்திருக்கும். நான் வாலைப் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று. உடம்பில் அந்தக் குழைவு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி டார்வின் 1872இல் எழுதிய நூலில் இந்தக் காட்சி இருக்கிறது. அந்நியன் என்று நினைத்து விறைத்துக்கொண்டு போகும் நாய், எதிரே நிற்பது தன் எஜமான் என்று தெரிந்ததும் உடம்பைத் தாழ்த்தி நெளிகிறது. பூனைக்கு எல்லாம் தலைகீழ் என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கோபம் வந்தால் பதுங்கி வாலைச் சுழற்றுவது, பிரியம் வந்தால் நிமிர்ந்து நின்று வாலைக் கொடிக்கம்பம் போலத் தூக்கிக்கொண்டு காலில் உரசுகிறது. குட்டிகள் தாயிடம் வருவதும் இப்படித்தான்.

2007இல் இத்தாலியில் 30 நாய்களை வைத்துப் பார்த்தபோது, சொந்தக்காரரைக் கண்டதும் வால் தன் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது. மிரட்டும் தோரணையில் நின்ற வேற்று நாயைக் கண்டால் இடப்பக்கம். சுவாரசியமான விஷயம்தான், ஆனால் பையும் கையுமாகக் கேட்டில் நின்று இதையெல்லாம் அளக்க யாரால் முடியும்?

பூனையோடு பேச எளிய வழி கண்தான். தூரத்தில் இருந்தபடி அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறங்கள். பல பூனைகள் அதே மாதிரி பதிலுக்குச் செய்யும். 2020இல் பிரிட்டன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படிச் செய்த அந்நியரிடம்கூடப் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன.

குர்குர் சத்தத்தை மட்டும் அவசரப்பட்டு நம்பாதீர்கள். என் பழைய பூனை கடைசி நாளன்று மருத்துவரின் மேஜையில் படுத்துக்கொண்டு குர்குரென்றது. தேறிவிட்டது என்று நான் சிரித்தேன். வலியிலும் அப்படிச் செய்யும் என்று மருத்துவர் தணிந்த குரலில் சொன்னார்.

சரி, உங்கள் பூனைக்கு வருவோம். அடுத்த முறை வால் நுனி துடிக்க ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். இறங்கிப் போகிறதா, மடியிலேயே கிடக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.