டபுள்ஸுக்குப் போனால் என் மகளின் எதிர்காலம் என்ன ஆகும்? ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மாவட்டப் பாட்மின்டன் போட்டிகளில் சிங்கிள்ஸில், அதாவது ஒற்றையர் ஆட்டத்தில், காலிறுதி வரை வந்து நின்றுவிடுகிறாள். டபுள்ஸில், அதாவது ஜோடியாக ஆடும் இரட்டையரில், கோப்பை வாங்குகிறாள். இப்போது கோச், "சிங்கிள்ஸைக் குறைத்துக்கொண்டு டபுள்ஸில் இறங்கட்டும்" என்கிறார். "தேறாதவர்களை ஒதுக்கிவிடும் இடமா சார் அது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில், ஹைதராபாத்தில் தங்கிப் பயிற்சி எடுக்க நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு நகையைத் தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒதுக்கிவிடும் இடமா என்றால், இல்லை. பிரகாஷ் படுகோன், கோபிசந்த், சாய்னா, சிந்து என்று நாம் கொண்டாடி வளர்ந்த பெயர்கள் எல்லாம் சிங்கிள்ஸ் பெயர்கள் என்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. 2011-ல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் வெண்கலம் வாங்கியபோதே இந்த எண்ணம் போயிருக்க வேண்டும். ஆந்திராவின் அமலாபுரத்துப் பையன் சாத்விக்சாய்ராஜும் மும்பையின் சிராக் ஷெட்டியும் 2023 என்ற ஒரே ஆண்டில் ஆசிய சாம்பியன்ஷிப், இந்தோனேசிய ஓப்பன், ஆசிய விளையாட்டுத் தங்கம் மூன்றையும் வாங்கி, உலகத் தரவரிசையில் முதல் இடத்துக்கும் போனார்கள். ஆண்களுக்கான தாமஸ் கோப்பை, பெண்களுக்கான ஊபர் கோப்பை போன்ற உலக அணிப் போட்டிகளில் ஐந்து ஆட்டங்களில் இரண்டு டபுள்ஸ். நல்ல ஜோடி இல்லாத அணி அங்கே ஜெயிப்பது கஷ்டம். 2022-ல் இந்தியா தாமஸ் கோப்பையை முதல் முறையாக வென்றதில் சாத்விக்–சிராக் ஜோடிக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ்ப் பெண் ஒருத்தி இந்த வழியில் எங்கே போய்ச் சேர முடியும் என்று பார்க்க வேண்டுமானால், மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்த தினா முரளிதரனைப் பாருங்கள். பேர்லி டானுடன் சேர்ந்து 2022 காமன்வெல்த் தங்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. உங்கள் மகளோடு உட்கார்ந்து அந்த ஜோடியின் ஆட்டம் ஒன்றை முழுசாகப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், முழு ஆட்டம்.

சரி, உங்கள் மகளுக்கு இது பொருந்துமா? இதைக் கோச்தான் சொல்ல வேண்டும் என்றாலும், நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அடுத்த முறை அவள் ஆடும்போது ஷட்டிலைப் பார்க்காதீர்கள். ஷட்டில் அவளிடம் இல்லாத நேரத்தில் அவளை மட்டும் பாருங்கள். பார்ட்னர் பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிக்கப் போகிறாள் என்றால் உங்கள் மகள் நெட்டுக்கு ஏறுகிறாளா, நின்று வேடிக்கை பார்க்கிறாளா? அடித்து முடித்ததும் ராக்கெட் தொங்கிவிடுகிறதா, நெஞ்சுக்கு நேரே திரும்ப வந்துவிடுகிறதா? பார்ட்னர் ஒரு சர்வீஸை நெட்டில் போட்டுவிட்டால் இவள் முகம் எப்படிப் போகிறது? டபுள்ஸில் நிறையப் பாயிண்டுகள் சர்வீஸ், ரிட்டர்ன், அதற்கடுத்த அடி என்ற முதல் மூன்றிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குள் ஷட்டிலைத் தொட்டு, நெட்டை உரசுகிற மாதிரி சர்வீஸ் போட வேண்டும். கொஞ்சம் எழும்பினாலும் எதிரில் இருப்பவள் பாய்ந்து அடித்துவிடுவாள். அந்தச் சர்வீஸை மட்டும் தினமும் நூறு நூறாகப் போட்டுப் பழகும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா? கால் வேகத்தை விடக் கையின் வேகமும், அடுத்து எங்கே வரும் என்கிற ஊகமும் அவளுக்கு நன்றாக வருகிறது என்றால் கோச் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஆனாலும் பதினேழு வயது வரை சிங்கிள்ஸை முழுவதும் விட வேண்டாம் என்பது என் கருத்து. கோர்ட் முழுக்க ஓடிப் பழகிய கால் டபுள்ஸிலும் கைகொடுக்கும். போட்டிகளில் பெண்கள் டபுள்ஸோடு, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் மிக்ஸட் டபுள்ஸுக்கும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். இந்திய ஆட்டக்காரி தனிஷா க்ராஸ்டோ இரண்டும் ஆடுகிறவர்தான்.

மிக்ஸடை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டபுள்ஸைத் தொழிலாக எடுப்பவர்களுக்குப் பணமோ திறமையோ பெரிய ஆபத்து அல்ல. வாழ்க்கையின் பாதி இன்னொருவர் கையில் இருக்கிறது, அதுதான் ஆபத்து. தரவரிசைப் புள்ளிகள் ஜோடியின் பேரில் ஏறுகின்றன. பார்ட்னருக்கு முழங்கால் போனால், நீட் எழுதப் போகிறேன் என்று அவள் விலகினால், அவள் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டால், உங்கள் மகள் புதிய ஜோடியோடு பட்டியலின் அடியிலிருந்து ஏற வேண்டும். 2024 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஷிப் வந்தபோது சாத்விக்குக்குத் தோள்பட்டைக் காயம். நடப்புச் சாம்பியன்களான அந்த ஜோடி பட்டத்தைக் காக்கக் களம் இறங்கவே இல்லை. காயம் ஒருவருக்கு, போட்டி போனது இருவருக்கும்.

அதனால்தான் பெற்றோர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: உங்கள் பிள்ளையை ஒரு ஜோடியின் பாதியாக வளர்க்காதீர்கள், யாரோடும் ஆடத் தெரிந்த டபுள்ஸ் ஆட்டக்காரியாக வளருங்கள். குடகுப் பெண் அஸ்வினி பொன்னப்பாவின் கதை இதற்குச் சரியான உதாரணம். ஜ்வாலாவுடன் 2010 காமன்வெல்த் தங்கம், அடுத்த ஆண்டு உலக வெண்கலம், லண்டன், ரியோ என்று இரண்டு ஒலிம்பிக்ஸ். பிறகு சிக்கி ரெட்டியுடன் 2018 காமன்வெல்த் வெண்கலம். அதற்கும் பிறகு, தன்னை விடப் பல வயது இளையவரான தனிஷாவுடன் சேர்ந்து, 34 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். மூன்று பார்ட்னர், ஒரே அஸ்வினி. ஆண்களில் இந்தோனேசியாவின் ஹெந்திரா செத்தியவான், மார்கிஸ் கிடோவுடன் 2008 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பிறகு முகமது அஹ்சானுடன் மூன்று முறை உலக சாம்பியன் ஆனார். நாற்பது வயதில்தான் ஓய்வு பெற்றார். சிங்கிள்ஸில் உடம்பு இவ்வளவு காலம் தாங்குவது அபூர்வம். டபுள்ஸில் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம்.

உங்கள் மகளுக்கு இதை எப்படிப் பழக்குவது? அகாடமியில் வாரத்தில் ஒரு நாளாவது வழக்கமான பார்ட்னர் இல்லாமல் வேறொருத்தியுடன் ஆட வையுங்கள் என்று கோச்சிடம் கேளுங்கள். முன்னால் ஆடிப் பழகியவளைப் பின்னாலும் ஆட வையுங்கள். சாத்விக், சிராக் இருவருமே பின்னாலிருந்து அடித்துப் பழகியவர்கள். மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் அவர்களைச் சேர்த்துவைத்த பிறகு நெட் பக்க ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம், பார்ட்னரின் வீட்டாரோடு நீங்கள் நல்ல உறவில் இருங்கள். "உங்க பொண்ணாலதான் தோத்தது" என்று கேலரியில் விழுந்த ஒரு வார்த்தையால் பிரிந்த ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அம்மா, பெரியவர்கள்தான் மறப்பதில்லை. பயணச் செலவு, அறை வாடகை, கோச்சை உடன் அழைத்துப் போகும் செலவு எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரிப்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி பணம். மேல்தட்டில் நல்ல வருமானம்தான். 2023 இந்தோனேசிய ஓப்பனில் மொத்தப் பரிசு 12.5 லட்சம் டாலர். சிங்கிள்ஸ் வென்றவருக்கு அதில் 7 சதவீதம், அதாவது 87,500 டாலர். டபுள்ஸ் வென்ற ஜோடிக்கு 7.4 சதவீதம், 92,500 டாலர். கேட்கக் கொஞ்சம் அதிகம் போல இருக்கும். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 46,250. அங்கே போய்ச் சேரும் வரை இருக்கிற படிகளைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உலகச் சுற்றுப் போட்டிகளில் கடைசிப் படியான சூப்பர் 100 வகைப் போட்டிகளில் மொத்தப் பரிசு ஒரு லட்சம் டாலரை ஒட்டி இருக்கும். அதில் அரையிறுதியில் தோற்கும் ஜோடிக்குக் கிடைப்பது சுமார் 1,400 டாலர், ஆளுக்கு 700. விமானம், விசா, அறை, சாப்பாடு, வரி போக என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருக்கும் சர்வதேசப் போட்டிகளில் பரிசு இன்னும் குறைவு. வீட்டுச் செலவோ இன்றைக்கே ஓடிக்கொண்டிருக்கிறது: அகாடமி கட்டணம், ஷூ, ராக்கெட்டுக்கு நரம்பு (கட்) கட்டுவது, ஆயிரக்கணக்கில் விலை போகும் இறகு ஷட்டில் டப்பாக்கள்.

நகையைத் தொட வேண்டாம் என்றது இதனால்தான். பதினைந்து வயதில், மாவட்ட அளவில் இருக்கும் ஒரு பெண்ணுக்காகக் கடன் வாங்கினால், அந்தக் கடனின் பாரம் ஒவ்வொரு சர்வீஸிலும் அவள் கையில் இருக்கும். கோபிசந்தின் அகாடமி இருக்கும் ஹைதராபாத் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. கண்ணூரிலிருந்து வந்த ட்ரீசா ஜாலி காயத்ரி கோபிசந்துடன் ஜோடி சேர்ந்ததும், 2022, 2023 இரண்டு ஆண்டும் அந்த ஜோடி ஆல் இங்கிலாந்து என்ற புகழ்பெற்ற போட்டியில் அரையிறுதி வரை போனதும் அங்கே பயிற்சி எடுத்துத்தான். ஆனால் ட்ரீசா ஊரில் நன்றாகத் தேறிய பிறகு போனவர். உங்கள் மகள் மாநில 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் காலிறுதிக்கு மேல் வரட்டும், அதுவும் வேறு வேறு இரண்டு பார்ட்னர்களுடன். அப்புறம் அகில இந்தியத் தரவரிசைப் போட்டிகளில் தகுதிச் சுற்றைத் தாண்டிய மெயின் டிராவில் ஆட்டங்களை வெல்லட்டும். அப்போது ஊர் மாறுவதைப் பற்றிப் பேசலாம். அந்த நிலையில் உங்கள் கைக்காசை மட்டும் நம்ப வேண்டியும் இருக்காது. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் பயிற்சிச் செலவு போக மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிடிஎஸ், மிம்ஸ், எலைட் என்ற உதவித் திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலும் விண்ணப்பிக்கலாம். ஒலிம்பிக் தரத்துக்கு வந்தவர்களுக்கு மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் மாதம் 50,000 வரை தருகிறார்கள்.

இந்தியாவில் பெரும்பாலான பாட்மின்டன் ஆட்டக்காரர்களின் வாழ்க்கை பரிசுப் பணத்தில் நிற்பதில்லை, வேலையில் நிற்கிறது. ரயில்வே, சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, வருமான வரித் துறை, எண்ணெய் நிறுவனங்கள் போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. இந்தக் கதவுகளைத் திறப்பது கோப்பை அல்ல, காகிதம். விளையாட்டுச் சான்றிதழில் நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழக அளவுக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. போட்டி முடிந்த கையோடு சங்கச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து, ஒரு ஃபைலில் வையுங்கள். வருஷம் கழித்து அலையும் பெற்றோர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பொறுப்பில் இருந்தவர் மாறியிருப்பார், பதிவேடு கிடைக்காது.

அதனால் படிப்பை விடக் கூடாது. பத்தாம் வகுப்பைப் பள்ளியிலேயே முடிக்கட்டும். பதினொன்றில் எந்த குரூப் என்பதை ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை வைத்து முடிவு செய்யுங்கள். பிசியோதெரபி பக்கம் ஆசை இருந்தால் உயிரியல் எடுத்தே ஆக வேண்டும். பயிற்சி நேரத்தோடு ஆய்வக வகுப்புகள் இடிக்கும், அதற்குப் பள்ளியோடு இப்போதே பேசுங்கள். அந்த ஆசை இல்லையென்றால் வணிகவியல் அவளுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். கல்லூரியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி அணிப் போட்டி. நல்ல டபுள்ஸ் ஆட்டக்காரிக்குக் கட்டணச் சலுகையோடு இடம் தரும் கல்லூரிகள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன.

பின்னாளில் கோச் ஆவதற்கும் இதில் நல்ல வாய்ப்பு இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன். இந்திய டபுள்ஸுக்கு டான் கிம் ஹெர், டென்மார்க்கின் மத்தியாஸ் போ என்று வெளிநாட்டிலிருந்துதான் ஆள் அழைத்து வந்திருக்கிறோம். டபுள்ஸில் ஜோடி முன்னும் பின்னும் இடம் மாறும் ரொட்டேஷனைச் சரியாகச் சொல்லித் தரும் உள்ளூர்ப் பயிற்சியாளர், அதுவும் பெண், நம் மாவட்டங்களில் அரிது. ஆடிய அனுபவத்தோடு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோவும் இருந்தால் வேலைக்குக் குறைவிருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: கோச்சிடம் போய், "டபுள்ஸுக்கு ஏன் சொல்கிறீர்கள்? இவளுடைய எந்த அடியைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? பார்ட்னர் யார், அவள் எத்தனை வருஷம் ஆடுவதாக இருக்கிறாள்?" என்று கேளுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவள் என்ன விரும்புகிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பதில்களைக் குறித்துக்கொண்டு, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன் நீங்கள், மகள், கோச் மூவருமாக வாருங்கள். சான்றிதழ் ஃபைலையும் எடுத்து வாருங்கள்.