ஜூனியர் வக்கீல் சொந்தக் காசில் சட்ட டேட்டாபேஸ் சந்தா கட்ட வேண்டுமா, நண்பரின் லாகின் போதுமா?

தனியாக ஆபீஸ் போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன், இல்லையென்றால் இந்த லாகின் கேள்வியே வந்திருக்காது. முதல் சில வருஷம் தீர்ப்புகளைத் தேடித் தரும் கட்டண டேட்டாபேஸுக்குச் சந்தா வேண்டாம். இரவல் லாகின் எப்போதுமே வேண்டாம்.

இரவல் லாகின் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஜூனியராக இருந்த ஆபீஸில் சீனியர் பேரில் ஒரே லாகின், பங்கு போட ஐந்து பேர். ஒருவர் உள்ளே நுழைந்தால் உள்ளே இருந்தவர் வெளியே. மறுநாள் வாதத்துக்கு ராத்திரி தீர்ப்பை பிரிண்ட் போட்டுக்கொண்டிருப்பேன், பாதியில் 'இந்தக் கணக்கு வேறு இடத்தில் திறக்கப்பட்டுள்ளது' என்று திரை நின்றுவிடும். வாட்ஸப் குழுவில் 'யாருப்பா உள்ள?' என்று போட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசியில் பார்த்தால் சீனியரே வீட்டிலிருந்து ஏதோ படித்துக்கொண்டிருப்பார். 'சார், கொஞ்சம் வெளியே வாங்க' என்று அவரிடம் யார் சொல்வது? நண்பர் கடன் கொடுக்கும் லாகினும் இப்படித்தான், அவருக்கு அவசரம் வரும் அன்றைக்குத்தான் உங்களுக்கும் அவசரம் வரும். சந்தா ஒப்பந்தத்தை மீறும் வேலை என்பது தனி.

தீர்ப்பின் வாசகம் பொதுச்சொத்து. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது. பதிப்பாசிரியர் தன் திறமையும் யோசனையும் போட்டுச் சேர்ப்பதற்குத்தான் பதிப்புரிமை, வெறும் உழைப்புக்கு இல்லை. 2023 ஜனவரியில் வந்த இ-எஸ்சிஆர் என்ற அரசு இணையத் தொகுப்பில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஹெட்நோட்டோடு, அதாவது தலையில் போடும் சுருக்கத்தோடு, சும்மா கிடைக்கின்றன. அப்படியானால் சந்தாக் காசு எதற்கு? அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சட்டென்று காட்டுவதற்கு.

பாகப்பிரிவினை வழக்கையே எடுங்கள். பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பை (2015) மட்டும் படித்தால், மகளுக்கும் சமபங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று தெளிவாக இருக்கும். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு அதை ஓவர்ரூல் செய்தது, அதாவது தவறென்று தள்ளியது, ஆனால் பழைய தீர்ப்பின் வாசகத்துக்குள் அது எங்கே இருக்கப்போகிறது? கட்டண டேட்டாபேஸ் சிவப்புக் கொடி காட்டும். காசில்லாதவன் இந்தியன் கானூன் என்ற இலவசத் தளத்தில் அதே தீர்ப்பைத் திறந்து, அதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியலுக்குப் போய், புதியது மேலே வரும்படி அடுக்கி, பெரிய அமர்வுகளை முதலில் படிக்க வேண்டும். அரை மணி நேரம் போகும். வினீதா சர்மா எல்லாருக்கும் தெரியுமே என்பீர்கள், சரி, தெரியாத தீர்ப்புக்கும் வழி இதேதான்.

டேட்டாபேஸே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வரி வழக்கு, கம்பெனி வழக்கு, வெளிநாட்டுத் தீர்ப்பு என்று ஓடுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. நான் பேசுவது முன்சீஃப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நிற்கிறவர்களைப் பற்றி. பார் அசோசியேஷன் நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஜூனியர்களைப் பார்த்து 'சந்தா கட்டினால்தான் வளர முடியும்' என்று அறிவுரை சொல்லும் சீனியர்கள் தங்கள் ஜூனியருக்கு மாசம் என்ன கொடுக்கிறார்கள்? சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று 2024இல் சென்னை ஹைகோர்ட் சொன்னது. எங்கள் ஊரில் அதை வாங்கும் ஜூனியரை நான் இன்னும் பார்க்கவில்லை. டீக்காசு, பெட்ரோல்காசு என்று கைக்கு வருவதில் எதைச் சந்தாவாகக் கட்டுவது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய பத்திரிகைச் செய்தியை எங்கே தேடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். தொண்ணூறுகளில் ஒரு தமிழ் நாளிதழில் வந்த நோட்டீஸுக்காக ஒரு கட்டணச் செய்தி டேட்டாபேஸில் தேடிப் பார்த்தேன், வந்தது முழுக்க ஆங்கிலம். சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். நூலகங்களுக்குப் பிரதி கொடுக்கச் சொல்லும் 1954ஆம் வருஷச் சட்டப்படி நாளிதழ்களும் அங்கே வந்து சேர வேண்டும். தேடல் பெட்டியெல்லாம் கிடையாது, ஓரம் உதிரும் கட்டுகளைத் தாள் தாளாகப் புரட்ட வேண்டும், அதனால் மாதமாவது தெரிந்துகொண்டு போங்கள்.

கிடைத்த கட்டிங்கை நீட்டினால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பத்திரிகைச் செய்தி வெறும் கேள்விச் சாட்சியம் (நேரில் பார்க்காமல் பிறர் சொல்லிக் கேட்டது) என்று லக்ஷ்மி ராஜ் ஷெட்டி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1988லேயே சொல்லியாகிவிட்டது, செய்தியில் உள்ளதை நிரூபிக்க எழுதிய நிருபரே கூண்டேற வேண்டியிருக்கும். என் கட்சிக்காரருக்கு நோட்டீஸ் வெளியானது என்று காட்டினால் போதும், அதில் எழுதியிருப்பது உண்மையா என்ற கேள்வியே எழவில்லை, பிழைத்தோம்.