நகம் கறுப்பதற்குச் சப்பாத்தின் விலையா காரணம்?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன், வயது 41. வாரத்தில் நான்கு நாட்கள் அதிகாலையில் பாலத்தைக் கடந்து, வாவிக்கரை வழியாகச் சுற்றி, 9 கிலோமீற்றர் ஓடுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய சப்பாத்தில், இரண்டாவது மாதத்திலிருந்தே இரு பெருவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. குதிகாலில் கொப்புளமும் வருகிறது. விலை கூடிய சப்பாத்து வாங்கினால் சரியாகுமா?

பதில்: தாங்கள் எழுதிய விவரங்களிலேயே விடையின் பாதி இருக்கிறது. நான்கு மாதங்களில் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் ஓடியிருக்கிறீர்கள். ஓட்டச் சப்பாத்தின் அடியிலுள்ள நுரைப்பகுதி பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றருக்குள் தளர்ந்துவிடும் என்பதால், அந்தச் சோடியை மாற்றும் காலம் எப்படியும் நெருங்கிவிட்டது. ஆனால் நகம் கறுக்கத் தொடங்கியபோது அந்த நுரை நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். ஆகவே பழியைத் தேய்மானத்தின் மீதோ விலையின் மீதோ போட முடியாது.

விரல் நுனி சப்பாத்தின் முன்பக்கத்தில் ஆயிரக்கணக்கான தடவை இடிபடுவதால் நகத்தின் அடியில் இரத்தம் கசிந்து உறைவதே இந்தக் கறுப்பு. மலைநாட்டில் ஓடுபவர்களுக்கு இது இறக்கங்களில் நேரும், மட்டக்களப்போ சமதரை. எனவே இங்கே பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தாம் மிஞ்சுகின்றன: சப்பாத்து நீளம் குறைந்தது, அல்லது கயிறு தளர்ந்து பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்குகிறது. குதிகால் கொப்புளத்தையும் சேர்த்துப் பார்த்தால், தங்களிடம் இரண்டுமே இருக்கலாம் என்பது என் ஊகம்.

அதை உறுதிப்படுத்த, சப்பாத்தின் உள்தட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். நான்கு மாத வியர்வை அதில் ஒவ்வொரு விரலின் தடத்தையும் கருமையாகப் பதித்திருக்கும். பெருவிரலின் தடம் தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பிறகு மாலையில், நாள் முழுவதும் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அந்தத் தட்டின் மீது முழு எடையையும் வைத்து நில்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் (பலருக்கு அது இரண்டாம் விரல்) ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். அலுவலகச் சப்பாத்தின் அளவையே கடையில் கேட்டு வாங்குவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு; நமது வெப்பத்தில் நீண்ட தூரம் ஓடும்போது பாதம் விரிவதால், அரை அளவோ ஓர் அளவோ கூடுதலாகவே தேவைப்படும். ஒரு நிறுவனத்தின் எட்டாம் இலக்கம் இன்னொன்றின் எட்டாக இருப்பதில்லை. நாக்குப் பகுதியின் லேபிளில் சென்ரிமீற்றர் கணக்கு இருந்தால் அதையே ஒப்பிடுங்கள்.

கயிற்றைப் பொறுத்தவரை, கணுக்காலுக்கு அருகே பெரும்பாலோர் பயன்படுத்தாமல் விடும் கடைசித் துளை அலங்காரத்துக்கானது அன்று. கயிற்றை அதே பக்கத்தின் அந்தத் துளையில் நுழைத்துச் சிறிய வளையமாக விட்டு, ஒரு பக்க நுனியை எதிர்ப்பக்க வளையத்துக்குள் செலுத்தி, இரண்டையும் இழுத்து முடிந்தால் குதிகால் அசையாது. விரல்களின் மேற்புறத்தில் மட்டும் தளர்வாக இருக்கட்டும்.

கொப்புளத்துக்கு உராய்வோடு ஈரமும் காரணம். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செயற்கை நூல் கலந்ததே ஓட்டத்துக்கு ஏற்றது. மாரியில் ஓர் இரவில் சப்பாத்து காயாது என்பதால், விலை உயர்ந்த ஒரு சோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிவதையே நான் பரிந்துரைப்பேன். உள்தட்டைக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். கச்சான் காற்று வீசும் கோடையில் மதிய வெயிலில் தகரத்தின் மேல் காயப்போட்டால் பசை விட்டுவிடும்.

கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம். பெருவிரல் நகம் முழுமையாக மாற ஓர் ஆண்டுக்கு மேலாகும். நகம் வளரும்போது கறுப்பும் முன்னோக்கி நகர வேண்டும். நகராமல் அதே இடத்தில் நின்றாலோ, விரல் வலித்துத் துடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு இருந்தால் கொப்புளத்தையும் தாமாக உடைக்கக் கூடாது. இன்னொன்று: மாரியில் வெள்ளம் தேங்கிய வீதிகளில், உடைந்த கொப்புளத்தோடு ஓடுவதைத் தவிருங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அத்தகைய புண்களின் வழியாக உடலுக்குள் புகக்கூடும். அப்படி ஓடிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், வெள்ளத்தில் கால் வைத்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.